வேட்டை வில்லை எப்படி எடைபோடுவது? வாசகர் கேள்வி – பதில்

குளிர்கால வேட்டைப் பருவம் நெருங்கும்போதெல்லாம் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாணத்தின் பல ஊர்களிலிருந்தும் வில் தொடர்பான கடிதங்கள் இப்பகுதிக்கு வந்து சேர்கின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை காம்பவுண்ட் வில்லை (இரு முனைகளிலும் சக்கரமும் கேபிளும் பொருத்திய வில்லை) வேட்டைக்கு ஏற்றபடி சரிபார்ப்பதைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நண்பர் ஒருவரிடமிருந்து பயன்படுத்திய காம்பவுண்ட் வில் ஒன்றை வாங்கினேன். இழுப்பு எடை (நாணை இழுக்கத் தேவைப்படும் விசை) 70 பவுண்டு, இழுப்பு நீளம் (முழுதாக இழுத்தபோது பிடியிலிருந்து நாண் வரையுள்ள நீளம்) 29.5 அங்குலம் என்று அதன் ஒட்டுச்சீட்டில் இருக்கிறது. என் உயரம் 174 செ.மீ. சில அம்புகள் எய்வதற்குள் தோள் வலிக்கிறது. நாண் முன்கையில் அடிக்கிறது. ஜூலையில் இம்பாலா மான் வேட்டைக்குப் போவதாக இருக்கிறேன். வேறு வில் வாங்கிவிடலாமா?
– வாசகர், சட்ஸ்வர்த்

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வில்லில் குறையில்லை, அது உங்கள் அளவுக்கு இல்லை என்றுதான் தோன்றுகிறது. இரு கைகளையும் பக்கவாட்டில் இயல்பாக நீட்டி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து, அதை 2.5ஆல் வகுத்தால் கிடைப்பதே ஒருவருடைய இழுப்பு நீளத்தின் தொடக்கக் கணக்கு. பெரும்பாலோருக்குக் கைவிரிப்பு உயரத்தை ஒட்டியே இருக்கும். உங்கள் உயரத்தை வைத்துப் பார்த்தால் 27.5 அங்குலத்துக்கு அருகில் வருகிறது. உங்கள் வில்லோ அதைவிட 2 அங்குலம் நீளம். இழுப்பு நீளம் மிகும்போது உடல் பின்னால் சாயும், வில்லைப் பிடித்த கை முழுவதும் நீண்டு முழங்கை பூட்டிக்கொள்ளும், நாண் கன்னத்தை அழுத்தும், விடும்போது முன்கையில் அடிக்கும். நீங்கள் சொல்லும் நோவுகள் அனைத்தும் இந்த ஒரு காரணத்திலிருந்தே வரக்கூடியவை.

இழுப்பு நீளத்தை மாற்றும் வழி வில்லின் முனையில் நாண் சுற்றிவரும் கேம் சக்கரத்தைப் பொறுத்தது. சில வில்களில் கேமின் மேலுள்ள மாட்யூல் என்ற சிறு துண்டைக் கழற்றி வேறு துளையில் பொருத்தினால் போதும். சிலவற்றில் வேறு மாட்யூலோ முழுக் கேமோ வாங்கவேண்டியிருக்கும், அதற்கு வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் பிரஸ் இயந்திரம் உள்ள கடைக்குத்தான் போகவேண்டும். நாணில் கட்டிய சிறு கயிற்று வளையமான டி-லூப்பைக் குட்டையாக்கிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அதனால் நாணை விடும் கருவியான ரிலீஸைப் பிடித்திருக்கும் கை சற்று முன்னால் வருமே தவிர, வில்லின் இழுப்பு நீளம் மாறாது.

அடுத்தது இழுப்பு எடை. 1966இல் அமெரிக்காவின் மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, 1969இல் அதைப் பெற்றார். அந்தக் கண்டுபிடிப்பால் கிடைத்த பெரிய நன்மை, முழுவதும் இழுத்தபின் கையில் தங்கும் பாரம் குறைந்ததுதான். அப்படிக் குறையும் அளவான எடைத் தளர்வு 80 விழுக்காடு உள்ள 70 பவுண்டு வில்லை முழுதாக இழுத்துப் பிடித்திருக்கையில் கையில் நிற்பது 14 பவுண்டு மட்டுமே. ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழியில் 70 பவுண்டையும் தோள் தாங்கித்தான் ஆகவேண்டும். ஒரு முக்காலியில் உட்கார்ந்து, இரு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, வில்லை வானத்தை நோக்கி உயர்த்தாமல் இலக்குக்கு நேராக வைத்தபடியே மெதுவாக இழுத்துப் பாருங்கள். முடியவில்லையென்றால் அந்த எடை உங்களுக்கு அதிகம். மறைவிடத்தில் பல மணி நேரம் குளிரில் அசையாமல் இருந்த உடல், இம்பாலா எதிரே நிற்கும்போது வில்லை ஆட்டி ஆட்டி இழுத்தால் அந்த அசைவே காரியத்தைக் கெடுத்துவிடும்.

வில்லின் மேல், கீழ் வளைகைகளான லிம்ப்களின் போல்ட்டுகளைச் சமமான சுற்றுகள் தளர்த்தினால் எடை குறையும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 பவுண்டு வரை இறங்கும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட சுற்று எண்ணிக்கையைத் தாண்டவே கூடாது, தாண்டினால் லிம்ப் பிடியிலிருந்து நழுவிவிடலாம். 60 பவுண்டில் நிறுத்தி, நீளத்தையும் சரிசெய்துகொண்டால் அதே வில் இம்பாலாவுக்கு வேண்டியதற்கும் மேலான வலிமையோடு இருக்கும். இவ்விரண்டையும் முடித்தபின்பே நாணில் பொருத்திய, குறிபார்ப்பதற்கான பீப் வளையத்தின் உயரத்தைத் தீர்மானியுங்கள்: கண்ணை மூடிக்கொண்டு இழுத்து, வழக்கமான இடத்தில் கையை நிலைநிறுத்திக் கண்ணைத் திறந்தால், தலையை அசைக்காமலே, வில்லில் பொருத்திய குறிமுள் வட்டம் பீப் வளையத்துக்குள் நடுவாகத் தெரியவேண்டும்.

கேள்வி: சென்ற பருவத்தில் ம்குஸே அருகே ஒரு பண்ணையில், 25 மீட்டரில் நின்ற இம்பாலா கடாவின் மீது அம்பு விட்டேன். குறி சரியாகவே இருந்தது. ஆனால் அம்பு போய்ச் சேருவதற்குள் அது உடலைத் தாழ்த்திவிட்டதால் அம்பு முதுகுக்கு மேலே போய்விட்டது. என் அம்பின் எடை 360 கிரெய்ன் (அம்பை நிறுக்கும் சிறு எடையளவு). வேகம் நொடிக்கு 288 அடி என்று கருவியில் அளந்தேன். இன்னும் வேகமான வில் வாங்கினால்தான் இது நிற்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கடைக்காரர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடுவோம். 25 மீட்டர் என்பது 82 அடி. நொடிக்கு 288 அடி செல்லும் அம்பு அதைக் கடக்க ஏறத்தாழ 0.285 நொடி ஆகும். வில்லின் ஓசையோ நொடிக்கு 1,100 அடிக்கும் மேல் பாய்ந்து 0.073 நொடியில் இம்பாலாவின் காதை எட்டிவிடும். எனவே ஓசை கேட்டதற்கும் அம்பு வந்ததற்கும் இடையே அந்த விலங்குக்குக் கிடைத்தது 0.21 நொடி. நொடிக்கு 20 அடி கூடுதல் வேகம் தரும் புதிய வில்லைப் பல ஆயிரம் ராண்ட் கொடுத்து வாங்கினால் அந்த இடைவெளி 0.19 நொடியாகும். இம்பாலா தாவுவதற்கு முன் கால்களை மடக்கி உடலைக் கீழிறக்குவது இயல்பான அனிச்சைச் செயல். இந்தச் சிறு வேறுபாட்டால் அது நின்றுவிடாது.

இப்போது வேறொரு வழியைப் பாருங்கள். அதே வில்லில் 480 கிரெய்ன் அம்பைப் பொருத்தினால் வேகம் நொடிக்கு 254 அடியளவுக்கு இறங்கும். தூரத்தை 25 மீட்டரிலிருந்து 18 மீட்டராகக் குறைத்துவிட்டால், வேகம் குறைந்த இந்த அம்பு 0.23 நொடியில் போய்ச்சேரும். ஓசை 0.05 நொடியில் சென்றுவிடும் என்பதால் இம்பாலாவுக்குக் கிடைப்பது 0.18 நொடி மட்டுமே. புதிய வில் வாங்கிப் பெற்றிருக்கக்கூடியதைவிட நல்ல பலன், 7 மீட்டர் நெருங்கியதால் செலவின்றிக் கிடைத்துவிடுகிறது. அதோடு முடியவில்லை. கனமான அம்பு வில்லின் ஆற்றலில் அதிகப் பங்கைத் தானே எடுத்துக்கொண்டு போவதால், லிம்ப்களிலும் நாணிலும் அதிர்வாக மிஞ்சுவது குறைந்து, ஓசையும் தணிகிறது. ஓசை தணிந்தால் விலங்கு மிரளும் வாய்ப்பே குறையும். வேட்டை வில்லில் நான் முதலில் கேட்டறிய விரும்புவது அதன் ஓசையைத்தான். வேகக் கணக்கு அதற்குப் பிறகே வரும்.

ஊடுருவலிலும் ஆதாயம் உண்டு. அம்பின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240ஆல் வகுத்தால் இயக்க ஆற்றல் அடி-பவுண்டில் கிடைக்கும். உங்கள் பழைய அம்புக்கு அது 66, புதியதற்கு 69 அளவில் வரும்; பெரிய மாற்றமில்லை. ஆனால் எடையை வேகத்தால் பெருக்கி 225,400ஆல் வகுத்துக் கிடைக்கும் உந்தத்தைப் பாருங்கள்: 0.46இலிருந்து 0.54க்கு உயர்கிறது. தோல், தசை, எலும்பு ஆகியவற்றின் தடையைத் தாங்கி அம்பு மேலும் செல்வதற்கு இந்த உந்தமே துணை. எட் ஆஷ்பி என்ற அமெரிக்கர் 1980களில் நம் நேட்டாலிலேயே வேட்டை விலங்குகளின் மீது அம்புகளின் ஊடுருவலை ஆராய்ந்தவர். பெரிய எலும்பைப் பிளந்து செல்வதற்கு 650 கிரெய்ன் என்ற எல்லையை அவர் முன்வைத்தார். இம்பாலாவுக்கு அவ்வளவு கனம் தேவையில்லை என்பது என் கருத்து. 450 முதல் 500 வரை போதும். இம்பாலாவைவிடப் பெரிய மானினங்களான குடுவுக்கும் நீல வில்டபீஸ்ட்டுக்கும் போகிறவர்கள் அதற்கு மேல் யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இருக்கும் அம்பின் முனையில் மட்டும் கனத்தைக் கூட்டினால், விடும் நேரத்தில் தண்டு அளவுக்கு மீறி வளையும். அம்பின் விறைப்பைக் குறிக்கும் எண்கள் 340, 300 என்று தண்டின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவே 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் அது எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வளைகிறது என்பதே அந்த எண். ஆகவே எண் சிறிதாகச் சிறிதாக விறைப்பு அதிகம். முனையை 100 கிரெய்னிலிருந்து 125க்கு மாற்றி, உள்ளே 50 கிரெய்ன் பித்தளைச் செருகியும் வைக்கிறீர்கள் என்றால், 340ஐ விட்டு 300க்குப் போகவேண்டியிருக்கும். தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் இழுப்பு எடையையும் தண்டு நீளத்தையும் முனை எடையையும் சேர்த்துப் பார்த்தே வாங்குங்கள்.

கனமான அம்பு சீக்கிரம் தாழ்ந்துவிடுமே என்று சிலர் தயங்குவது உண்மையான தயக்கமே. நடந்து தேடி வேட்டையாடுபவர் தூரத்தைத் தவறாக மதிப்பிட்டால் அந்தத் தாழ்வு அவருக்குக் கேடு செய்யும். ஆனால் சூலுலாந்தின் முட்புதர்க்காட்டில் நீர்த்துறை மறைவிடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு, ஒவ்வொரு கல்லும் கட்டையும் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்பது விலங்கு வருவதற்கு முன்பே தெரியும். அவருக்குத் தட்டையான பாதையால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

ஓசையைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இலக்குக்கு அருகே, செங்கல் சுவர் போன்ற உறுதியான மறைப்புக்குப் பின்னால், கைப்பேசியை ஒலிப்பதிவில் வைத்துவிட்டு 18 மீட்டரிலிருந்து எய்யுங்கள். ஆளை அங்கே நிறுத்தாதீர்கள். பிறகு கேட்டுப் பார்த்தால், உங்கள் காதருகே கேட்காத சலசலப்புகள் அதில் தெரியும். அம்புக்கூடு ஆடும் ஒலி, குறிமுள் சட்டத்தின் தளர்ந்த திருகு, அம்பைத் தாங்கும் ரெஸ்ட் கீழே விழும்போது உலோகத்தில் தட்டும் ஒலி ஆகிய ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து அடக்கலாம். ரெஸ்டின் மீது மெல்லிய கம்பளித் துணி ஒட்டுவதும், நாணில் ரப்பர் அதிர்வடக்கிகளைக் கட்டுவதும் சிறு செலவில் முடிபவை.

இவ்வளவு செய்தபின்னும், தலையைத் தூக்கிக் காதுகளை விறைத்து உங்கள் பக்கமே பார்த்து நிற்கும் இம்பாலாவின் மீது அம்பு விடாதீர்கள். எந்த வில்லும் அதற்கு ஈடுகொடுக்காது.

கேள்வி: பயிற்சி முனைகள் 20 மீட்டரில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழுகின்றன. அதே எடையுள்ள வேட்டை முனையை மாட்டினால் ஒரு சாண் இடப்பக்கமாகவும் சற்றுத் தாழ்வாகவும் போய் விழுகிறது. குறிமுள்ளை வேட்டை முனைக்கு ஏற்றபடி நகர்த்திவிட்டால் போதாதா?
– வாசகர், டோங்காட்

பதில்: போதாது. குறிமுள்ளை நகர்த்துவது நோயை அப்படியே விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மருந்து போடுவதாகும். உங்கள் அம்பு வில்லைவிட்டு நேராகப் புறப்படவில்லை. பின்னிறகுகள் வழியில் அதைத் திருத்திவிடுவதால் பயிற்சி முனையில் குறை தெரிவதில்லை. வேட்டை முனையின் அலகுகள் முன்பக்கத்தில் சிறகு போலச் செயல்பட்டு, அந்தக் கோணலை வளர்த்துவிடுகின்றன. கோணலாகச் சென்று தாக்கும் அம்பு தன் உந்தத்தைப் பக்கவாட்டில் இழந்துவிடுவதால், ஊடுருவலும் பாதியில் நின்றுவிடும். ஆகவே இது குறியைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல.

முதலில் கேம்களைப் பாருங்கள். இரு கேம் உள்ள வில்லில் முழுவதும் இழுக்கும்போது மேல் கேமின் தடுப்பும் கீழ் கேமின் தடுப்பும் ஒரே நேரத்தில் கேபிளைத் தொடவேண்டும். ஒருவர் இழுக்க மற்றொருவர் பக்கத்தில் நின்று பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். ஒன்று முந்தினால், பிரஸ்ஸில் ஏற்றி ஒரு கேபிளுக்கு அரைச்சுற்று முறுக்கு கூட்டியோ குறைத்தோ சமப்படுத்தவேண்டும். இதைச் செய்யாமல் ரெஸ்டை நகர்த்திக்கொண்டே இருப்பவர்கள் மாதக்கணக்கில் அலைவார்கள்.

அடுத்து, இறகு எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். ரெஸ்டின் மீதும் அதையொட்டிய கேபிளின் மீதும் முகப்பவுடரைத் தூவிவிட்டு ஓர் அம்பை எய்து, அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஓர் இறகின் வெளி விளிம்பில் மட்டும் நகக்கீறல் அளவுக்கு வெண்மை ஒட்டியிருந்தால், அந்த இறகுதான் ரெஸ்டைத் தட்டிக்கொண்டு போகிறது. அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் ‘நாக்’ என்ற துண்டைச் சிறிது திருப்பி வைத்தால் பெரும்பாலும் அது விலகிவிடும். கீழே விழும் வகை ரெஸ்டானால், அதன் கயிறு தளர்ந்து அது தாமதமாக விழுகிறதா என்று பாருங்கள்.

இவை முடிந்தபின் காகிதச் சோதனை. ஒரு மரச்சட்டத்தில் நாளிதழைத் தட்டையாக ஒட்டி, ஏறத்தாழ 2 மீட்டர் தூரத்திலிருந்து தோள் மட்டத்தில் அதன் வழியே அம்பைச் செலுத்துங்கள். இறகின் கிழிசல் முனையின் துளைக்கு மேலே போனால், வால் உயர்ந்து செல்கிறது என்று பொருள். நாண் மீது அம்பைப் பொருத்தும் இடத்தைக் கொஞ்சம் இறக்குங்கள் அல்லது ரெஸ்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பிடியில் கை முறுக்குவதும் காரணமாக இருக்கலாம் என்பதால், கட்டைவிரலின் அடித்தசை மட்டும் பிடியில் பட, மற்ற விரல்கள் தளர்ந்திருக்கும் நிலையில் மறுபடி எய்து பார்த்துவிட்டே எதையும் நகர்த்துங்கள். நகர்த்தும் அளவு ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலத்தில் 32இல் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

காகிதத்தில் ஒற்றைத் துளை விழுந்தபின் 20 மீட்டருக்குப் போய், பயிற்சி முனை ஒன்றும் வேட்டை முனை ஒன்றுமாக மாற்றி மாற்றி எய்யுங்கள். வேட்டை முனை இன்னும் இடப்பக்கம் விழுந்தால், பயிற்சி முனை விழுந்த திசையை நோக்கி, அதாவது வலப்பக்கம், ரெஸ்டை மிகச் சிறிதாக நகர்த்துங்கள்; தாழ்வாக விழுந்தால் ரெஸ்டைச் சிறிது உயர்த்துங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை இதைத் தொடர்ந்து, அதற்குப் பிறகே குறிமுள்ளில் கைவையுங்கள். ஒவ்வொரு வேட்டை முனையும் தண்டோடு நேராக இருக்கிறதா என்பதையும், அம்பை மேசை மீது முனைகுத்தாக நிறுத்திச் சுழற்றிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சுழலும்போது நடுங்கும் அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: ஐயா, என் கணவருடன் நானும் வேட்டைக்குச் செல்ல விரும்புகிறேன். என்னால் வசதியாக இழுக்க முடிவது 45 பவுண்டு. இழுப்பு நீளம் 26 அங்குலம். இந்த வலிமையில் ஒரு விலங்கின் மீது அம்பு விடுவது நியாயமா? அதைத் துன்புறுத்துவதாகிவிடாதா?
– வாசகி, பீனிக்ஸ்

பதில்: தாங்கள் கேட்டிருக்கும் கேள்வியை 70 பவுண்டு இழுப்பவர்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளவேண்டும், அம்மா. தங்கள் வில்லில் 400 கிரெய்ன் அம்பு நொடிக்கு 205 அடி அளவில் செல்லும் என்று வைத்துக்கொண்டால் ஆற்றல் 37 அடி-பவுண்டு. மானினங்களுக்கு 25 முதல் 41 வரை போதும் என்பது வில்லாளரிடையே நெடுநாளாகப் புழங்கிவரும் அளவுகோல். இம்பாலாவுக்கும் பிளெஸ்பொக் மானுக்கும் இது தகும். குடு, வில்டபீஸ்ட் போன்றவற்றைத் தற்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இந்த வலிமைக்கு விரியும் வகை முனைகள் வேண்டாம். அலகுகளைத் திறப்பதற்கே ஆற்றலில் ஒரு பகுதி போய்விடும். நிலையான இரண்டு அலகு முனையைத் தேர்ந்தெடுங்கள். அதன் கூர்மையைச் சோதிக்க, இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்டின் மீது அலகை வைத்துப் பாருங்கள்; அழுத்தாமலே அறுக்கவேண்டும். தூரத்தை 18 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தில் 15 செ.மீ. வட்டத்துக்குள், வேட்டைக்கு அணியும் உடையோடு, முக்காலியில் உட்கார்ந்தபடி, காலையில் எய்யும் முதல் அம்பே விழவேண்டும். நாலைந்து எய்து கை பழகியபின் விழும் அம்புகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஏனென்றால் காட்டில் பெரும்பாலும் அந்த முதல் அம்புதான் கிடைக்கும். இது கைகூடிவிட்டால், 45 பவுண்டு வில்லோடு தாங்கள் செல்வதில் எந்த அநியாயமும் இல்லை.

மறைவிடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கண் பார்க்கும் கோட்டுக்குப் பல செ.மீ. கீழேதான் அம்பு இருக்கிறது. சாளரத்தின் வழியே இம்பாலா முழுவதும் தெரியும்போதே, அம்பு சாளரத்தின் கீழ்ச்சட்டத்தில் மோதிச் சிதறக்கூடும். போய் உட்கார்ந்தவுடன், விலங்கு எதுவும் வராத நேரத்தில் வில்லை இழுத்துக் கணவரைப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வில்லுக்கு உரிமம் வேண்டுமா?
– வாசகர், இசிபிங்கோ

பதில்: துப்பாக்கிகளுக்கான 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டம் கேட்கும் உரிமம் வில்லுக்குத் தேவையில்லை. ஆனால் வேட்டையாடுவதற்கு நில உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியும், விலங்கையும் பருவத்தையும் பொறுத்து மாகாண அனுமதிச்சீட்டும் வேண்டும். நம் மாகாணத்தில் அதை வழங்குவது எஸெம்வெலோ என்ற மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. வில் வேட்டைக்கான விதிகள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுவதால், லிம்போபோவுக்குப் போகிறவர்கள் இங்குள்ள விதியை அங்கே பொருத்திப் பார்க்கக்கூடாது. புறப்படுவதற்கு முன்பே பண்ணைக்காரரிடம் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அமெரிக்க இதழ்களில் வரும் படங்களில் தோளுக்குப் பின்னால் ஒரு கையளவு தள்ளிக் குறிவைக்கச் சொல்கிறார்கள். இங்குள்ள வழிகாட்டிகளோ முன்னங்காலை ஒட்டியே எய்யச் சொல்கிறார்கள். எது சரி?
– வாசகர், ஸ்டேஞ்சர்

பதில்: இங்குள்ள விலங்குகளுக்கு வழிகாட்டிகள் சொல்வதே சரி. அமெரிக்கப் படங்கள் அங்குள்ள வெள்ளைவால் மானுக்காக வரையப்பட்டவை. நம் நாட்டு மானினங்களுக்கு இதயமும் நுரையீரலும் மார்பில் இன்னும் முன்னாலும் தாழ்வாகவும் அமைந்திருக்கின்றன. பக்கவாட்டில் நிற்கும் இம்பாலாவின் முன்னங்காலை ஒட்டி நேர்மேலே சென்று, மார்பின் அடியிலிருந்து உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள். அமெரிக்கப் படத்தை நம்பிப் பின்னால் தள்ளி எய்தால் அம்பு ஈரலிலோ இரைப்பையிலோ போய், விலங்கு பல கிலோமீட்டர் ஓடிச் சாகும். வில்டபீஸ்ட்டிடம் கூடுதல் கவனம் தேவை. அதன் தோள் திமிலும் பிடரி மயிரும் உடலை உண்மையைவிட உயரமாகக் காட்டுவதால், பார்வைக்கு நடுவாகத் தோன்றும் இடம் உண்மையில் மிக மேலே இருக்கும்.

வில்லின் அமைப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருப்பதால்தான் இக்கேள்வியை இங்கே சேர்த்தேன். முன்னங்காலை ஒட்டி எய்யும்போது சற்றே பிசகினாலும் தோள் எலும்பைத் தொட நேரும். எலும்பைச் சந்திக்க வாய்ப்புள்ள அம்புக்குக் கனமும் உறுதியான முனையும் வேண்டும். வெள்ளைவால் மானுக்குப் போதுமான இலேசான அம்பும் அகலமாக விரியும் முனையும் இங்கே பலரைக் கைவிடுவதற்குக் காரணம் அதுவே. விலங்கு சற்றே அப்பால் திரும்பி நிற்கும் கோணம் கிடைத்தால் அதற்காகக் காத்திருங்கள். அப்போது எதிர்ப்பக்க முன்னங்காலை மனத்தில் வைத்து எய்தால், அம்பு அருகிலுள்ள தோளைத் தவிர்த்து நேராக இதயப் பகுதிக்குச் செல்லும்.

கேள்வி: பருவம் முடிந்ததும் வில்லை அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த ஆண்டுதான் எடுக்கிறேன். கடலோரத்தில் இருப்பதால் துருவும் பிடிக்கிறது. எப்படிப் பராமரிப்பது?
– வாசகர், உம்ஸிண்டோ

பதில்: கடற்காற்றின் உப்பு திருகுகளையும் கேம் அச்சுகளையும் அரிக்கும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, உலோகப் பகுதிகளுக்கு மட்டும் சிறிது எண்ணெய் இடுங்கள். எண்ணெய் நாணில் படக்கூடாது. நாணுக்கும் கேபிளுக்கும் அவற்றுக்குரிய மெழுகைத் தேய்த்து, விரல்களால் சூடேற உருவிவிடுங்கள். நூல் சுற்றப்பட்ட பகுதிகளில் மெழுகு வேண்டாம். டர்பன் வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுச் செல்லாதீர்கள், அந்தச் சூட்டில் நாண் நீண்டு, பீப் வளையம் திரும்பி, கேம்களின் ஒத்திசைவு கெட்டுவிடும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுவதை விளையாட்டுக்காகவும் யாரும் செய்ய விடாதீர்கள். அந்த ஒரு விடுதலிலேயே லிம்ப் பிளந்து முகத்தில் அடிக்கலாம். லிம்ப்களின் மீது ஒரு பஞ்சுருண்டையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சின் இழை அங்கே சிக்கிக்கொள்ளும். கார்பன் அம்புகளையும் எய்வதற்கு முன் இரு கைகளாலும் வளைத்து, காதருகே வைத்து, நெரியும் ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். சந்தேகமுள்ள அம்பை உடைத்து எறிந்துவிடுங்கள். வெடித்த கார்பன் தண்டு விடும்போது நொறுங்கி, வில்லைப் பிடித்த கையில் பாயும்.

நாண் மாற்றவேண்டுமானால் புரட்டாசியில் மாற்றுங்கள். நம்மவர் வீடுகளில் விரதம் நடக்கும் மாதம். குளிர்கால வேட்டையும் அதற்குள் முடிந்துவிடுவதால் வில்லுக்கு வேலை இருக்காது. புதிய நாண் தன் நீளத்தில் நிலைபெற 100 அம்புகளுக்கு மேல் ஆகும். நிலைபெற்றபின் பீப் வளையத்தின் உயரத்தையும் கேம்களின் ஒத்திசைவையும் மறுபடி சரிபார்த்து, இரு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தையும் பிடியிலிருந்து நாண் வரையுள்ள இடைவெளியையும் அளந்து ஒரு தாளில் எழுதி வில்பெட்டிக்குள் வையுங்கள். ஒவ்வொரு கேமிலும் கேபிள் கடக்கும் இடத்தில் வெள்ளி நிறப் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த ஆண்டு பெட்டியைத் திறந்ததும் ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.